குசினிக் கதவுக்குப் பின்னால்

"உனக்கேன் உந்த விடுப்பு? மருதனார்மடத்து வீடு ஏன் சரிவரேல்லை எண்டு ஊரே கேட்டு முடிஞ்சுது, இப்ப நீயுமோ? சரி இரு, சொல்லித் துலைக்கிறன்" என்று பேத்தியை ஏசிவிட்டுத்தான் தொடங்கினேன்.

மகள் தையல் மெஷின் வாங்கக் குழுக் கடன் எடுத்திருந்தாள். மெஷின் நின்றுவிட்டது, வட்டி நிற்காமல் ஓடியது. கிழமைதோறும் கடன் அறவிடுகிறவன் மோட்டார்சைக்கிளில் வருவான். சத்தம் கேட்டதும் நானும் மகளும் அடுப்படிக்கு ஓடிக் குசினிக் கதவுக்குப் பின்னால் குந்திவிடுவோம். இந்த வயதில் நான் செய்த ஒரே தேகப்பயிற்சி அது. வாசலில் அவன் போடும் கூச்சல் பொறுக்காமல், மாத முடிவில் வீட்டை விட்டு எழும்பும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் உடுப்பிட்டியில் வாடகைக்குக் கேட்ட வீட்டுக்காரரெல்லாம் அயலில் விசாரித்துவிட்டுக் கையை விரித்தார்கள். அதனால்தான் எங்கள் கடனுக்கு வழி தெரியாத மருதனார்மடத்துக்கு வீடு பார்க்கப் போனோம்.

வீட்டுக்காரி நல்ல மனுசி. தேத்தண்ணி தந்தாள்.

"ஆரார் இருப்பியள், அம்மா?"

"மகளும் பேத்தியும், பிள்ளை. என்னைக் கணக்கிலை எடுக்காதையுங்கோ, நான் எப்ப போவனோ தெரியாது."

சிரித்தாள். "கடன் கிடன் இல்லைத்தானே? ஆக்கள் வந்து வாசலிலை கத்தினா எனக்குச் சரிவராது."

"சீச்சீ" என்றேன்.

சாவி எடுக்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

நான் யோசிக்கவில்லை. மகளும் யோசிக்கவில்லை. சாவியோடு வந்தவள், தன் குசினிக் கதவுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு குந்தியிருந்த எங்களைக் கண்டாள். மகளின் கை என் வாயைப் பொத்தியிருந்தது.

வந்தவர் கரண்ட் மீற்றர் பார்க்கிறவர்.

வீட்டுக்காரி ஏசவில்லை. சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். "எழும்புங்கோ, அம்மா. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

பஸ்ஸில், "உன்ரை கை வெங்காயம் மணக்குதடி" என்று மகளுக்குப் பகிடி விட்டுப் பார்த்தேன். அவள் யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

வேலிக்கு மேலால் அயலவள் கேட்டாள்: "என்ன ஆச்சி, வீடு சரியோ?"

"நான்தான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். கிணத்துத் தண்ணி ஒரே உவர்."

"அங்கத்தைத் தண்ணி நல்லதெண்டெல்லோ சொல்லுறவை?"

"உனக்கு நல்லதா இருக்கும், பிள்ளை. எனக்கு உவர்."