ஆஜர் சொல்லாதவன்

செத்துப்போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். எங்கள் வாத்தியார் செத்து எத்தனையோ காலமாகிறது. நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சூலூருக்குத் தெற்கே எங்கள் ஊர். வெள்ளைக்காரன் காலத்துப் போர்டு பள்ளிக்கூடம், ஒரே அறையில் நாலு வகுப்பு. அண்ணனுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போயிற்று. அதோடு பேச்சும் போயிற்று. மற்றபடி கெட்டிக்காரன். பலகையில் எழுதிப்போடும் கணக்கை எனக்கு முன்னால் போட்டுவிட்டு, என் சிலேட்டில் இருக்கும் தப்பையும் எச்சில் தொட்டு அழிப்பான். சொல்லப்போனால் அவனுக்குத் துணையாகத்தான் என்னையே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் பெண்பிள்ளைக்கு ஏது சிலேட்டு?

வாத்தியார் தினமும் காலையில் ரிஜிஸ்தரில் குனிந்தபடியே பெயர் கூப்பிடுவார். "ஆஜர் சார்" என்று சத்தம் வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் ஒரு சுழி. அண்ணன் அவருக்கு நாலு முழம் தள்ளிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பான். அவன் பெயருக்குச் சத்தம் வராது. சுழி விழும். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் வந்தவனுக்கு ஒரு நாள் தவறாமல் சுழி. கடைசியில், நெடுநாளாக வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டு, அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வெளியே விட்டார். வராதவனுக்கு ஏது கை என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

நான் ஓடிப்போய்ச் சொன்னதும் அம்மா பருத்திக் காட்டிலிருந்து மடியில் எடுத்த பருத்தியோடு வந்துவிட்டாள். எங்கள் இருவரையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள்ளேயே போனாள்.

"ஏனுங்க வாத்தியாரே, என்ற பையன் வாரதே இல்லீன்னு எழுதிப்போட்டீங்களாமா. அப்ப இத்தன நாளா இங்க உக்காந்துட்டு இருந்தது ஆருங்க?"

"ஆஜர்னு சொன்னாத்தானுங்க அம்மணி ஆஜர் போட முடியும். ரூலு அப்படி."

"காது கேக்காதுன்னு சேத்தறப்பவே சொன்னனுங்களே. பேரு கூப்பிடறப்ப அவன் மூஞ்சியப் பாருங்க, கையத் தூக்குவான். அது போதுமுங்க."

"முப்பது புள்ளைங்க இருக்குதுங்க. ஒரு செவுட்டுப் பையனுக்காகத் தெனமும் நான் தலையத் தூக்கிப் பாத்துட்டு இருக்க முடியுங்களா?"

தலையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். அம்மா கேட்டது அதற்குமேல் ஒன்றுமில்லை.

அம்மா விடவில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும்போது அவரிடமே கேட்கிறேன் என்றாள். அப்போதுதான் வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

"உங்க பொண்ணையே கேக்கலாமுங்க. கண்ணு, பொய் சொல்லக் கூடாது. உங்கண்ணன் என்னிக்காச்சும் ஆஜர் சொல்லியிருக்கறானா?"

நான் கையைக் கட்டிக்கொண்டு, "இல்லீங்க சார்" என்றேன்.

"நல்ல புள்ள" என்றார். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா மடிப் பருத்தியை இறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குப் போகும் வழியில் தோளைத் தட்டி, என்ன சொன்னாய் என்று கையால் கேட்டான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். நம்பிவிட்டான். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் தலை சீவி, சிலேட்டோடு வாசலில் நின்றான். அம்மா சிலேட்டை வாங்கி வைத்துவிட்டு அவனை அப்பாவோடு தோட்டத்துக்கு அனுப்பினாள். துணைக்குச் சேர்த்த என்னை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு என் பெயரைக் கூப்பிட்டதும் எல்லோரையும்விடச் சத்தமாக "ஆஜர் சார்" என்றேன். வாத்தியார் குனிந்தபடியே கோடு போட்டார். அம்மா ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்ன பிள்ளைமேல் அம்மாவுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவே இல்லை.