முப்பதாயிரத்து முப்பது மூட்டை உப்பு

எண்ணுவதற்குச் சம்பளம் வாங்கியவர்களுக்குத்தான் என் பாடு புரியும். எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில், மேஸ்திரி எண்ணிச் சொல்லச் சொல்ல மூட்டைக்கு ஒரு கோடு போடும் டாலி கிளார்க்காக இருந்தேன்.

பகல் கனவு

ஒருமுறை முப்பதாயிரத்து முப்பது மூட்டை உப்புக்குச் சீட்டு வந்தது. அந்த எண்ணின் மேல் எனக்கு மையலே வந்துவிட்டது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதால் வகுத்தாலும் மிச்சமில்லாமல் வழிவிட்டது. ஒன்று குறைத்துப் பார்த்தேன். நூற்று எழுபத்து மூன்று வரை வகுத்தும் மசியவில்லை, அசல் பகா எண். இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், குணம் மட்டும் எப்படி இப்படி என்று கடலைப் பார்த்துச் சொக்கி நின்றேன். சுமைக்கூலி மேஸ்திரி அந்தோணி பக்கத்தில் வந்தார்.

"என்ன சார், மூட்டைய எண்ணச் சொன்னா உள்ள கெடக்க உப்புக்கல்லையா எண்ணுதிய?"

ஒன்று குறைந்தது

அடுக்கத் தொடங்குமுன் எனக்கு அம்மைக்கட்டு வீங்கிவிட்டது. என் இடத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு வாரம் கழித்து நான் திரும்பியபோது ஷெட்டில் ஒரே சத்தம். அவருடைய கோடுகளைக் கூட்டினால் முப்பதாயிரத்து இருபத்தொன்பது. காணாமல் போன மூட்டைக்கு அந்தோணிதான் பொறுப்பு, அவருடைய வேலை அட்டையைக் கிழிக்கப் போகிறேன் என்று துறைமுக அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். அட்டை போனால் துறைமுக வாசலுக்குள் நுழைய முடியாது. அந்தோணிக்குக் கண் சிவந்துவிட்டது.

"ஒத்த மூட்டை உப்புக்கு நான் களவாணியா? கடல் பூரா உப்புதான கெடக்கு, அங்கன போயி அள்ளத் தெரியாதா எனக்கு?"

அடுக்கு சொன்ன சாட்சி

அதிகாரியை அடுக்குக்கு முன்னால் கூட்டிப்போனேன். அகலம் முப்பது மூட்டை, நீளம் எழுபத்தேழு, உயரம் பதின்மூன்று. பெருக்கினால் முப்பதாயிரத்து முப்பது. ஒன்று குறைந்திருந்தால் எங்காவது பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரியும். "முப்பதாயிரத்து இருபத்தொன்பது பகா எண் சார், எதாலும் வகுபடாது. மிச்சமில்லாமல் அடுக்க வேண்டுமானால் ஒற்றை வரிசைதான், அது முத்தையாபுரத்தைத் தாண்டிப் போயிருக்கும்" என்றேன். கனவு கண்டதற்கு முதல் முறையாகப் பலன் கிடைத்த பெருமை எனக்கு. அதிகாரி அடுக்கின் மேல் ஏறி நடந்து பார்த்தார், ஓட்டை இல்லை.

அப்படியானால் கோடு எங்கே போனது? மெட்ராஸ்காரரைக் கேட்டோம். "மேஸ்திரி முதல்ல 'லாபம்'னு சாமி கும்பிட்டார் சார். அப்புறம் 'ரெண்டு'ன்னார், கோடு போட ஆரம்பிச்சேன்" என்றார். எங்கள் பக்கம் எண்ணத் தொடங்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்போம். அதிகாரி அட்டையை நீட்டினார். அந்தோணி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெட்ராஸ்காரரைப் பார்த்தார்.

"லாபம்னு வாய் நெறையச் சொன்னேன், நட்டம்னு எழுதிப்புட்டீரே ஐயா!"

ஆகவே, கோடு போட்டுப் பிழைக்கும் சகோதரர்களே, எதாலும் வகுபடாத எண்ணை எழுதுமுன், ஒன்றுக்கு அந்த ஊரில் என்ன பெயர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.