பச்சையம்மாளுக்கு முன்னால் கிளம்பிய பை

பச்சையம்மாள் பாரீசுக்குப் போன கதையை எங்கள் உப்பளம் பேட்டையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பஞ்சநாதன் டெம்போ பையைத் தொலைத்துவிட்டது, பிள்ளையார் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று முடிக்கிறார்கள். அந்தப் பஞ்சநாதன் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னை வைத்துக்கொள்ளக் கொடுத்துவைக்கவில்லை. பழைய துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். இன்று நாலு டெம்போ, சாரம் பக்கம் மாடி வீடு, வாசலில் என் பெயர் போட்ட பார்சல் சர்வீஸ் பலகை. அடுத்தவன் சரக்கில் ஒரு தீப்பெட்டியைக்கூட நான் தொலைத்ததில்லை. ஆகவே பிள்ளையாரை அவர் வேலையைப் பார்க்கவிட்டு, நடந்ததை நானே எழுதுகிறேன்.

பச்சையம்மாளுக்கு அப்போது அறுபது வயது, என்னைவிட ஆறு வயது சின்னவள். நாற்பது வருஷமாகப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றாள். புருஷன் செத்த அன்றும் அதற்கு மறுநாளும் தவிர, அவள் பலகை காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அவள் பலகையைத் தாண்டிப் போவதற்குத் தைரியம் வேண்டும்.

"இன்னாண்ணே, மூணு நாளா மொறச்சிப் பாத்துக்கினே போற? வஞ்சிரத்துக்கே வெக்கமா போச்சி. வாங்கு, இல்ல கண்ண மூடிக்கினு போ."

எழுத்து தெரியாது. ஆனால் ராகு காலமும் எமகண்டமும் விரல் நுனியில். நல்ல நேரம் பார்க்காமல் கூடையைக்கூடத் தலையிலிருந்து இறக்க மாட்டாள். மீன் நாறினாலும் பரவாயில்லை, நேரம் நாறக்கூடாது என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஒரே மகள், கமலவேணி. அவளை ஒரு சொல்தா வீட்டில் கொடுத்திருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மாப்பிள்ளைக்குப் பாரீசில் வேலை, குடும்பத்தோடு அங்கேதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, 2006இல், கமலவேணி முழுகாமல் இருந்தாள். அக்டோபர் இரண்டாம் வாரம் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா பக்கத்தில் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று போனில் அழுதாள். மாமியார்க்காரி போனைப் பிடுங்கி ஒரு வார்த்தை சொன்னாள். அதைப் பச்சையம்மாள் மறுநாள் மார்க்கெட் முழுக்கச் சொல்லிக் காட்டினாள்.

"'உங்கம்மா நல்ல நேரம் பாத்துக் கெளம்பறதுக்குள்ள புள்ள பள்ளிக்கூடம் போயிடும்'ங்கறா. பிரசவத்துக்கு முன்னாடி நான் அவ எதுர்ல போயி நிக்கல, எம் பேர மாத்திக்கிறேன்."

விழுப்புரத்துக்கு மேற்கே ரயிலில்கூடப் போகாதவள். பாஸ்போர்ட் எடுத்தாள், விசா வாங்கினாள், தடியாக ஒரு ஸ்வெட்டர் வாங்கி வெயிலில் போட்டுப் பார்த்து வியர்த்தாள். டிக்கெட் வெள்ளிக்கிழமை ராத்திரி, சென்னையிலிருந்து. வெள்ளி என்று சொன்னது அவளேதான். வெள்ளிக்கிழமை பாதி ஊர் கவுச்சி தொடாது, வியாபாரம் மந்தம். வியாழன் வரைக்கும் விற்றுவிட்டுப் போகலாம் என்று கணக்கு.

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தபிறகுதான் நாள்காட்டியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது.

என்னிடம் ஓடி வந்தாள். நாலு டெம்போவை நாலு திசைக்கு அனுப்புகிறவன், திசை எனக்குத் தெரியாதா?

"மெட்ராசு வடக்கால இருக்குது. வெள்ளிக்கிழம வடக்கால சூலம் இல்ல. பேசாம போ" என்றேன்.

"ஏரோப்ளேன் மெட்ராசுலயே நின்னுடுமா? அது மேற்காலதான போவுது?"

"அப்ப பரிகாரம் பண்ணு. மேற்குச் சூலத்துக்கு வெல்லம். ஒரு துண்டு வாயில போட்டுக்கினு கெளம்பு."

"விழுப்புரம் போறதுக்கே ஒரு துண்டு வெல்லம். பாரீசுக்கு எத்தினி மண்டை வெல்லம் துன்றது? எனக்கிருக்குற சக்கரைக்கு ஏரோப்ளேன் வேணாம், நேரா மேலப் போயிடுவேன்."

அப்போதுதான் பரஸ்தானம் வைக்கலாம் என்று நான் சொன்னேன். யோசனை என்னுடையதுதான், மறைக்க மாட்டேன். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நம் பையை மட்டும் அந்தத் திசையில் இருக்கிற இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய மாதிரி. பிறகு எந்த நாளிலும் போகலாம். ஒரே கண்டிப்பு, வைத்த பை திரும்பி வரக்கூடாது. வந்தால் பயணம் முறிந்தது.

மேற்கே நல்ல வீடு என்றால் சாரத்தில் என் வீடுதான். திங்கட்கிழமை காலை, ராகு காலம் முடிந்ததும், நீல ரெக்சின் பையோடு வந்தாள். கட்டிய புடவை ஒன்று, மகளுக்கு இரண்டு கிலோ கருவாடு. அதற்கு மேல் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"பாஸ்போர்ட்ட ஏன் வைக்கிற? கையில வச்சிக்க" என்றேன்.

"போறது நான்தான்னு சாமிக்கு எப்பிடித் தெரியும்?"

கூடத்தில் ஓரமாக வைத்தோம்.

வியாழக்கிழமை காலை பார்க்கிறேன், ஓரம் காலியாக இருக்கிறது. என் வீட்டுக்காரி வசந்தாவைக் கூப்பிட்டேன்.

"பாரீஸ் பை எங்க?"

"அங்கதான இருக்கும். திங்கக்கிழமையே நம்ம பக்கிரி கேட்டான், இது எங்க போற சரக்குன்னு. 'மேற்கால போற பை, தொடாத'ன்னேன்."

பக்கிரி எனக்குப் பதினைந்து வருஷமாக மூட்டை ஏற்றுகிறவன். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆமா மொதலாளி, மேற்கால போற பைன்னு அம்மா சொன்னாங்க. மேற்கால போற வண்டியில ஏத்திட்டேன்."

"தொடாதன்னு சொல்லலையா?"

"தொடாம எப்பிடி மொதலாளி ஏத்துறது?"

விழுப்புரம் வண்டி ஓட்டுகிற கலைச்செல்வனுக்குப் போன் போட்டேன். "சீட்டு ஒட்டாத நீலப் பைதான? வெல்ல மண்டியில மத்த சரக்கோட எறக்கிட்டேன்" என்றான். திங்கட்கிழமையிலிருந்து பச்சையம்மாளின் பாஸ்போர்ட் விழுப்புரத்தில் வெல்லத்தோடு குடித்தனம் நடத்துகிறது.

மார்க்கெட்டுக்குப் போனேன். பச்சையம்மாள் முன்னால் போய் நின்றேன். சுறாவை வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். அதுவே பெரிய நிம்மதி.

"நாலு டெம்போ வச்சிருக்கியே, அதுல ஒண்ணுல உன் மூளைய ஏத்தி எங்கியாவது எறக்கிட்டியாண்ணே?"

"ரெண்டு மணி நேரத்துல நானே போயி எடுத்தாந்துடறேன்."

"எடுத்தாந்தா பை கெழக்கால திரும்பும். பயணம் முறிஞ்சிடும். நாளைக்கு ஏரோப்ளேன்ல கோளாறு வந்தா நீ வந்து தள்ளுவியா? வண்டிய எடு. பையிருக்குற எடத்துக்கு நான் வரேன்."

பாதி விற்ற சுறாவை, கத்தியோடு, பக்கத்துப் பலகை செல்வாம்பாளிடம் தள்ளினாள். "மூணு மாசத்துக்கு இந்தப் பலகையில எவளும் ஒக்காரக்கூடாது. ஒக்காந்தா அவ பேரு சொல்லி பாரீசுலருந்து திட்டுவேன்" என்றாள். மீன் வாடைப் புடவையோடு என் டெம்போவில் ஏறினாள்.

வெல்ல மண்டிக்காரர் பெயர் தணிகாசலம். பை அவர் மேசைக்குக் கீழே, கால் படுகிற இடத்தில் இருந்தது.

"ரசீது?" என்றார்.

"ரசீது இல்லீங்க. இது சீட்டே ஒட்டாத பை" என்றேன்.

"ரசீது இல்லாம சரக்குக் குடுக்கப்படாதுன்னு உங்க சீட்டுலதான் கொட்ட எழுத்துல போட்டிருக்குது. பாக்குறீங்களா?"

போட்டிருந்தது. போட்டவன் நான். இருபது வருஷத்தில் அதை மீறாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவனும் நான். பச்சையம்மாள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பையில இன்னா இருக்குதுன்னு நான் சொல்றேன், சரியா இருந்தா குடு. மேல பாஸ்போர்ட்டு. அடியில கருவாடு."

"கருவாடா?"

"அப்ப நாலு நாளா உன் மண்டியில இன்னா வாசனன்னு நெனச்சே?"

"எலி செத்துப்போச்சின்னு ரெண்டு தடவ மூட்டையெல்லாம் எறக்கிப் பாத்தேன்ம்மா! வெல்லம் வாங்க வந்தவன் மூக்கப் புடிச்சிக்கினு போறான். தெருவுல இருக்குற பூனை பூரா வாசல்ல ஒக்காந்திருக்குது!"

"எலியா? வஞ்சிரக் கருவாடுய்யா அது! இப்ப தொறந்து காட்டறேன் பாரு."

ஜிப்பை இழுத்தாள். தணிகாசலம் நாற்காலியோடு பின்னால் போனார்.

"தாயே, ரசீதும் வேணாம் ஒண்ணும் வேணாம். எடுத்துக்கினு கெளம்பு."

பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தது. பக்கத்து மூட்டையிலிருந்து வெல்லப் பாகு தரையில் கசிந்து பையின் அடி முழுக்கப் பிசுபிசுத்தது. பச்சையம்மாள் விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"வெல்லம்ண்ணே. நான் துன்னாதத பை துன்னுட்டு வந்திருக்குது." முகம் தெளிந்துவிட்டது. பிறகு திடீரென்று கேட்டாள். "இன்னிக்கு இன்னா கெழம?"

"வியாழன்."

"வியாழக்கிழம மேற்கால சூலம் இருக்குதா?"

"இல்ல. தெற்காலதான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப ஒரு நாள் முன்னாடி, இன்னிக்கே கெளம்பறதுன்னு வச்சிருந்தா சூலமும் இல்ல, பரஸ்தானமும் இல்ல, இந்தப் பூனையும் இல்ல. எனக்குத் தோணலன்னா ஞாயம், நான் படிக்காதவ. மூணாவது வரைக்கும் படிச்ச உனக்கு இன்னா கேடு?"

"நீதான வியாழன் வரைக்கும் மீன் விக்கணும்ன?"

வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பையை ஊர்ப்பக்கம் திருப்பாமல், விழுப்புரத்திலிருந்து நேராகச் சென்னையில் அவள் தம்பி மகன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பெரிய பெட்டியை மறுநாள் வசந்தா கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை பாரீசில் இறங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை கமலவேணிக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரி அறையில் முதலில் நின்றது பச்சையம்மாள், அவளுக்குப் பின்னால்தான் மாமியார்க்காரி. போனில் இதை மூன்று முறை சொன்னாள். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மீன் மார்க்கெட்டு பாத்தேன். எல்லாத்தயும் ஐசுல அழகா படுக்க வச்சிருக்கான். ஆனா கூவி விக்க ஒரு நாதியில்ல. பேசாம வர்றாங்க, பேசாம வாங்குறாங்க. எழவு வூடு தோத்துது போ."

டிசம்பரில் மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணே, திரும்பி வர டிக்கெட்டு சனிக்கிழம போட்டுட்டாரு மாப்பிள்ள. சனிக்கிழம கெழக்கால சூலம். இங்க கெழக்கால எனக்கு யாரு வூடு இருக்குது, பைய வைக்க? உன் டெம்போ எதுவும் இந்தப் பக்கம் வராதா?"

"வெள்ளிக்கிழமையே கெளம்பு. அன்னிக்குக் கெழக்கால ஒண்ணும் இல்ல" என்றேன்.

"விழுப்புரத்துல நான் சொன்னத எனக்கே விக்கிறியா?" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆனால் டிக்கெட்டை மாற்றி வெள்ளிக்கிழமைதான் கிளம்பி வந்தாள். அந்த யோசனை என்னுடையது.