மூன்று மெஷின்களுக்கு ஓர் ஆயுத பூஜை

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் சொந்தக்காரர் வீட்டுப் பிரிண்டரிடமிருந்து தப்ப முடியாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதில் மாட்டிக்கொண்ட அன்பர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். எனக்கு வேலை கடலூரில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில். சிதம்பரம் பக்கத்து இறால் குட்டைகளில் எங்கள் கருவி தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்லும். அதை நேரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவதும், அளவு குறைந்தால் குட்டைக்காரருக்குத் தானாகப் போன் போக வைப்பதும் எங்கள் பாடு.

பெண் பார்க்கப் போன இடத்தில்

புவனகிரியில் பெண் பார்க்கப் போயிருந்தோம். என்ன வேலை என்று பெண்ணின் அப்பா கேட்டார். சாஃப்ட்வேர் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் ஆர்வக் கோளாறில் ஆக்சிஜன், கருவி, ஒரே தரவுக்கு மூன்று பிரதி என்று ஆரம்பித்துவிட்டேன். பஜ்ஜி ஆறிப்போனது. அம்மா முழங்கையால் இடித்தும் நான் நிறுத்தவில்லை.

இன்று அந்த வீட்டுக்கு நான் மருமகன். ஆனாலும் மாமனார் அன்று சமையலறைப் பக்கம் திரும்பி மாமியாருக்குச் சுருக்கிச் சொன்னதுதான் அந்தத் தெருவில் இன்னும் என் உத்தியோகம்: "தம்பி இறாலுக்கு நர்ஸ் வேலை பாக்குறாராம்."

வயரைப் பிடுங்கிய மதியம்

பழைய முறையில் எல்லாத் தரவும் ஒரே மெஷினில் இருந்தது. அது படுத்தால் நாங்களும் படுத்தோம். அதனால் மூன்று மெஷின் வாங்கி, தரவுத்தளத்தை மூன்று பிரதிகளாக நிறுவினோம். ஒவ்வொரு பிரதியும் டிபன் கேரியர் அடுக்கு மாதிரி தன் டப்பாவில் தனியாக மூடியிருக்கும். எந்த டப்பா எந்த மெஷினில் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வை நிரல் உண்டு. கூட வேலை பார்க்கும் ரகு அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டான்.

நிறுவி முடித்த மதியம், சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு மெஷினின் வயரை ரகு பிடுங்கினான். மற்ற இரண்டும் அதைக் கவனித்தன. தங்களுக்குள் ஒன்றைத் தலைவனாக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தன. வயரைத் திரும்பச் சொருகியதும் மூன்றாவது எழுந்து, நான் இல்லாதபோது என்ன வந்தது என்று கேட்டு வாங்கி நிரப்பிக்கொண்டது. இத்தனைக்கும் எப்படி நடக்கும் என்று படித்துத் தெரிந்தவன்தான் நான். கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. எங்கள் முதலாளி சுந்தரம் சார் திரையைப் பார்த்துவிட்டு எங்களையும் ஒரு பார்வை பார்த்தார். "ஒருத்தன் லீவு போட்டா அவன் வேலயயும் சேத்து மத்தவன் பாக்குறான். நம்ம ஆபீசுல இத நான் பாத்ததே இல்லப்பா."

கண்ணை மூடுகிறவர்

கிள்ளையில் குட்டை வைத்திருக்கும் அஞ்சலை அக்கா மீன்பிடிக் குடும்பம். கடலை விட்டுக் குட்டைக்கு வந்தவர். போன போகத்தில் ஒரு மேகமூட்டமான பகலில் அவர் இறால் மொத்தமும் மூச்சுமுட்டிச் செத்து மிதந்தது. வெயில் இல்லை, காற்றும் இல்லை என்றால் குட்டையில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிவிடும். உடனே ஏரேட்டரைப் போட்டுத் தண்ணீரை அடித்துக் கலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எங்கள் கருவியை வாங்கினார்.

இந்தப் போகத்தின் அறுவடை ஆயுத பூஜைக்கு மறுநாள். ஐஸ் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. பூஜைக்கு முன்தினம் போன் செய்தேன். ஏரேட்டர் மோட்டாரையெல்லாம் நிறுத்தி, கழுவிப் பொட்டு வைத்துப் படைக்கப் போவதாகச் சொன்னார். வானம் சரியில்லையே அக்கா என்றேன். "நீங்க கண்ண தொறந்து வச்சிருக்கீங்கன்னுதான தம்பி நான் கண்ண மூடி சாமி கும்புடறேன்."

சந்தனம் வைக்கும் சண்டை

எங்கள் ஆபீசிலும் அதே பூஜை. மூன்று மெஷினையும் அணைத்துப் படைக்க வேண்டும் என்றார் சார். அணைத்தால் அக்காவின் குட்டையை யார் பார்ப்பது என்றேன். பேச்சு வளர்ந்து, கடைசியில் ஒவ்வொன்றாக ஓய்வு கொடுப்பது என்று முடிவானது. ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்ற இரண்டும் வேலை பார்க்கும். சாமியும் கோபித்துக்கொள்ளாது. அன்று சாயங்காலமே மெஷின்களைத் துடைத்து வைக்கும் வேலையை ரகு எடுத்துக்கொண்டான். நான் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து சார் சொன்னார்: "ஆயுதத்துக்கு ஒருநாளு ஓய்வு குடுக்காத எடத்துல சரஸ்வதி எப்பிடிப்பா வந்து குந்துவா?"

கற்பூரம் காட்டிய நேரம்

பூஜையன்று விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. வேப்பிலை கூட அசையவில்லை. சார் கற்பூரம் காட்ட, ரகு முதல் மெஷினை அணைத்தான். திரையில் எல்லாக் குட்டைகளின் ஆக்சிஜன் கோடும் ஒன்றாக நின்றுபோனது.

ரகு முந்தின நாள் துடைக்கிற அவசரத்தில் மற்ற இரண்டு மெஷினையும் சேர்த்து அணைத்திருக்கிறான். மேஸ்திரி மூன்று பிரதிகளையும் ஓடிக்கொண்டிருந்த ஒரே மெஷினுக்கு மாற்றிவிட்டது. துடைத்து முடித்து அந்த இரண்டையும் அவன் திரும்பப் போட்ட பிறகும் பிரதிகள் அங்கேயே தங்கிவிட்டன. மூன்றும் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்று மேஸ்திரிக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியிருப்பேன் என்று அவன் இருந்தான், அவன் எழுதியிருப்பான் என்று நான் இருந்தேன். அஞ்சலை அக்காவுக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. அங்கே ஏரேட்டர்கள் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நிற்கும், எங்களை நம்பி.

ரகு தோளைத் தட்டித் திரையைக் காட்டினான். நாங்கள் யாரும் எதையும் தொடவில்லை. தரவு மெஷின்களுக்கு வெளியே ஒரு தனிச் சேமிப்புப் பெட்டியில் பத்திரமாக இருந்ததால், மேஸ்திரி தானே மற்ற இரண்டு மெஷினிலும் பிரதிகளை எழுப்பியிருந்தது. குட்டையில் கிடந்த கருவி, கேட்க ஆளில்லாத நேரத்து அளவுகளையெல்லாம் தன்னிடமே வைத்திருந்து, வரிசை மாறாமல் கொட்டியது. விட்ட இடத்திலிருந்து கோடு தன்னைத்தானே வரைந்துகொண்டது. அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைப் போனும் போயிருந்தது. நான் கூப்பிட்டபோது அக்கா பேசிக்கொண்டிருந்தது எங்கள் மெஷினிடம்தான். சொல்ல வெட்கமில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரம் அணைவதற்குள் அக்காவே கூப்பிட்டார். பின்னால் ஏரேட்டர்கள் தண்ணீரை அடிக்கிற சத்தம். "ஒரே விஷயத்துக்கு எத்தினி பேருப்பா கூப்புடுவீங்க? இறாலு நல்லா இருக்கு. நீ போயி சாமிய கும்புடு."

ஆக, ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுக்கும் அந்த நாளில் எங்கள் ஆபீசில் ஒழுங்காக வேலை பார்த்தது அந்த ஆயுதங்கள் மட்டும்தான்.