வெற்றிச்செல்வி திருப்பி வாங்கிய கட்டுரை

பொய் எழுதி மாட்டிக்கொண்டாளாம்! குழாயடியில் பஞ்சவர்ணம் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமா? காசிநாதன் மகள் வெற்றிச்செல்வி எதை எழுதினாள், எதைத் திருப்பி வாங்கினாள் என்று முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

குன்னத்துப் பக்கம் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பம். வெங்காயக் காட்டில் கூலிக்குப் போய்த்தான் பெற்றவர்கள் அவளைப் படிக்க வைத்தார்கள். இதய டாக்டரானாள். ஆனால் போர்டு மாட்டி ஊசி போடுகிற டாக்டர் இல்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. ஐந்து வருஷத்துக்கு முன் நர்சுகளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காட்டு வேலைக்குப் போகும் இருநூற்றுப் பத்துப் பெண்களுக்கு இ.சி.ஜி. எடுக்கச் செய்தாள். வெயிலில் உழைக்கும் பெண்களுக்கு டவுன் பெண்களைவிட முன்னாலேயே இதயம் களைத்துப்போகிறது என்று கட்டுரை எழுதினாள். வெளிநாட்டு இதழில் வந்தது. ஒருத்தர் எழுதியதை நம்பி இன்னொருத்தர் தம் கட்டுரையில் பேர் போட்டுச் சொன்னால் அதற்கு மேற்கோள் என்று பெயராம். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேரைப் போடுகிற மரியாதை மாதிரி. அப்படி அவளுக்கு நாற்பத்தொரு மேற்கோள். அதைப் பார்த்துத்தான் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

சேருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அதே பெண்களுக்கு இரண்டாம் முறை இ.சி.ஜி. எடுக்க அவளே வந்தாள். ஐம்பத்தெட்டு வயசுக் கிருஷ்ணம்மாளின் இதயம் போன தடவை வயசுப்பெண் மாதிரி துள்ளியிருந்தது. இந்தத் தடவை தள்ளாடியது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே ஆளுடைய இதயம் மாதிரித் தெரியவில்லை.

“பெரியம்மா, போன தடவ நீங்கதானே வந்தீங்க?”

“நான் எங்க வந்தேன் கண்ணு? அன்னிக்கு வெங்காய அறுப்பு. மருமக கவிதாகிட்ட சீட்டக் குடுத்து மாத்தாளா அனுப்புனேன். ஒனக்கு ஆள் கொறையலாமா?”

அந்தப் பக்கத்துப் பழக்கம் அது. வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால், முடியாத அன்று வூட்டிலிருந்து வேறொருத்தியை அனுப்பிவிடுவார்கள். சொன்ன சொல் கெடக்கூடாதே! நர்சுகள் பேர் எழுதிய சீட்டைப் பார்த்தார்களே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. விசாரித்தால் மொத்தம் பதினேழு மாத்தாள்.

கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியர் அரவிந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். “பதினேழு பேருதானேம்மா. இப்ப வாயத் தெறந்தா கட்டுரையும் போச்சு, சென்னையும் போச்சு.”

“நாப்பத்தோரு பேரு அத நம்பி எழுதியிருக்காங்க, சார்.”

அன்றைக்கே இதழுக்கு ஒரு கடிதம், சென்னைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டாள். கட்டுரையை இதழ்க்காரர்கள் திரும்பப் பெற்றார்கள். சென்னைக்காரர்கள், பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டார்கள். குழாயடிக் கதை பிறந்தது அன்றைக்குத்தான். அம்மா அம்மாக்கண்ணு இரண்டு நாள் குழாயடிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், “மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா ஆச்சா? மறுபடி எழுதுடி” என்றாள்.

வெற்றிச்செல்வி இ.சி.ஜி. மெஷினை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வூடு வூடாகப் போனாள். ஆதார் அட்டையில் படம் பார்த்து, முகம் பார்த்து, அப்புறம்தான் படுக்க வைப்பாள்.

“எமன் வந்தாலும் கவிதாவத்தான் அனுப்புவீங்களா, பெரியம்மா?”

“அவ பாவம், சின்னப்புள்ள. அதுக்கு நானே போய்க்கிறேன்” என்றாள் கிருஷ்ணம்மாள். கவிதா சிரித்த சிரிப்பில் படுத்திருந்த கிருஷ்ணம்மாளும் குலுங்க, இ.சி.ஜி. கோடு ஒன்று கோணலாகி, மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

மாத்தாள்களின் இளம் இதயங்களைக் கழித்துப் பார்த்தால், அவள் முதலில் சொன்னது இன்னும் அழுத்தமாக நின்றது. புதுக் கட்டுரையில் மாத்தாள் விஷயத்தையும் மறைக்காமல் எழுதினாள். ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆராய்ச்சி செய்கிறவர், தம் ஆட்களைச் சரிபார்த்ததில் அங்கேயும் ஒன்பது மாத்தாள் இருந்ததாக அவள் பேரைப் போட்டு எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர். ஒரு வருஷத்தில் மேற்கோள் அறுபதைத் தாண்டியது. அதே சென்னைக்காரர்கள் மறுபடி எழுதினார்கள்: “உங்கள் கடிதத்தை எங்கள் மாணவர்களுக்குப் படித்துக் காட்டினோம். வந்து சேருங்கள்.”

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை. வாசல் நிறைய ஆட்கள். கவிதா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

“நெஞ்சு மாத்திரைய மறந்துடாதீங்க, பெரியம்மா” என்றாள் வெற்றிச்செல்வி, கிருஷ்ணம்மாளிடம்.

“ஒன் வாய மூடிக்கிட்டுக் கெளம்பு. பெரம்பலூர் பஸ்ஸு வந்துடும்.”

அம்மாக்கண்ணு மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள். பூசிய கை உடனே இறங்கவில்லை.

“போயிட்டு வரேம்மா” என்று சொல்லி, வெற்றிச்செல்வி வாசற்படியைத் தாண்டினாள்.