இரண்டு பெயர்க் குளிசை

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இங்கிலீசு வாசிக்கிற வேலை என்னுடையது. நான் அப்போது ஆறாம் ஆண்டு. குளிசை மட்டையில் இருப்பதை எழுத்துக் கூட்டிச் சொல்வேன், அம்மா தலையாட்டிவிட்டு விழுங்குவார். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் எனக்கு அப்போதே இருந்தது. ஒவ்வொன்றையும் மூன்று தரம் வாசிப்பேன்.

பளையிலிருந்து பஸ் எடுத்துக் கிளிநொச்சிக் கிளினிக்குக்குப் போவோம். அங்கே இல்லாத மருந்தைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கடையில் வாங்குவோம். அந்தக் கடைக்காரருக்கு வாய் சும்மா இராது. கிளினிக் கொப்பி எங்கே, போன மாதம் என்ன தந்தவர்கள், மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார். கொப்பி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். ஆமிச் செக்பொயின்றில்கூட இவ்வளவு கேட்கவில்லை என்று அம்மா புறுபுறுப்பார்.

பிறகு கொழும்புக் கம்பனி ஒன்று கண்ணாடிக் கதவு போட்டுப் பாமசி திறந்தது. வவுனியாவில், யாழ்ப்பாணத்தில் எல்லாம் அதற்குக் கிளை. கழுத்துப்பட்டி கட்டிய மருந்துக் கம்பனி ஆட்களும் அங்கேதான் வந்து இறங்கினார்கள். ஒரு வருடத்துக்குள் தகரக் கடை பூட்டுப்பட்டது. ஒருவரும் கவலைப்படவில்லை. ஏசிக் குளிர், இருக்கக் கதிரை, ஒரு கேள்வியும் இல்லை.

"இஞ்சதான் எங்களை மனுசரா மதிக்கினம்" என்றார் அம்மா.

ஒரு மாதம் கிளினிக்கில் சீனிக் குளிசை முடிந்துபோயிருந்தது. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். கண்ணாடிப் பாமசியில் பளபளவென்று வெள்ளி மட்டையில் கிடைத்தது. அது முடியுமுன் அடுத்த கிளினிக் வந்தது. இம்முறை குளிசை இருந்தது. கடதாசிப் பையில் போட்டு, மேலே மருந்தின் பெயரை எழுதித் தந்தார்கள். அம்மா பையையும் மட்டையையும் குசினி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்டோ பிள்ளை? வடிவாப் பாத்துச் சொல்லு."

மூன்று தரம் வாசித்தேன். பையில் ஒரு பெயர், மட்டையில் வேறொரு பெயர்.

"இல்லையம்மா, வேற வேற."

"அப்ப ரெண்டையும் போடுவம். கெதியாச் சுகம் வரும்."

நாலாம் நாள் முற்பகல் அம்மா கிணற்றடியில் விழுந்து கிடந்தார். வேர்வையில் சட்டை தோய்ந்திருந்தது. கூப்பிட்டபோது விழித்தார், என்னை அடையாளம் தெரியவில்லை. அப்பா வயலில். வெயில் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று கணக்குப் பார்க்க எனக்கு இன்றைக்கும் துணிவில்லை.

அப்பா வந்து ஏற்றிக்கொண்டுபோன ஆஸ்பத்திரியில், பெண் டொக்டர் நான் கொண்டுபோன மட்டையை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். கம்பனி வைத்த பெரிய பெயருக்குக் கீழே மயிரிழை போல ஒரு வரி. பையில் இருந்த அதே பெயர்.

"ஒரே மருந்துதான் தங்கச்சி. ரெண்டு பங்கு போட்டதில ரத்தத்தில சீனி நல்லா இறங்கிப்போச்சு. ஒவ்வொரு கம்பனியும் தன்ர பேரைத்தான் பெருசாப் போடும்."

அப்பா என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா உயிரோடு வீடு வந்தார். சீனி இறங்கிக் கனநேரம் கிடந்ததில் பேச்சும் ஞாபகமும் பாதிதான் திரும்பின. தன் கையால் சாப்பிட முடியாத அவருக்குச் சோறு தீத்த ஆள் வேண்டுமென்று நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். என் கண்ணில்தான் ஏதோ குறை என்று நெடுங்காலம் நம்பினேன். அந்த ஒரு வரியை அவ்வளவு மெல்லிதாக, வெள்ளியில் சாம்பல் நிறத்தில் அடிக்கச் சொல்லி எங்கேயோ ஒருவர் அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து முடிவெடுத்திருப்பார் என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?