ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள்

பஸ்ஸில் யாராவது இருமினால் தினகரன் எழுந்துவிடுவான். இருமியவரை முறைக்க மாட்டான். அவர் எங்கே ஏறினார், பக்கத்தில் யார், எந்த ஜன்னல் மூடியிருக்கிறது என்று பார்ப்பான். குன்னூர்க் குளிருக்கு எல்லா ஜன்னலும் மூடித்தான் இருக்கும். போய் ஒன்றைத் திறப்பான். "ஏனுங்க தம்பி, சாரல் அடிக்குது, மூடுங்க" என்பார்கள். மூடிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடையைக் கட்டிவிடுவான்.

ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத மனிதனுக்கு ஆண்டவன் கொடுத்ததோ உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒரு ஊரை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதில் காய்ச்சலை விட்டுப் பார்ப்பான். வீடு, கடை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் அதில் உண்டு. மனிதர்கள் பச்சைப் புள்ளிகள்; காய்ச்சல் கண்டால் சிவப்பு. புள்ளிகள் வேலைக்குப் போகும், வீடு திரும்பும், ஒன்றோடொன்று உரசும். ஒரு வாரத்தில் நடக்கப்போவது கண்முன்னால் மளமளவென்று நடந்து முடியும். கோயம்புத்தூருக்காகக் கட்டியதை இப்போது குன்னூருக்கும் செய்து வைத்திருக்கிறான். காய்ச்சலை விடுமுன் மாரியம்மன் படத்துக்கு ஒரு கும்பிடு போடுவான்.

புள்ளிகளுக்குப் பெயர் வைப்பது அவன் வழக்கம். டீக்கடை செல்லக்கண்ணு ஒரு புள்ளி. மனைவி கீர்த்தனா ஒரு புள்ளி. மலைக்கு அந்தப்புறம், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டுப் புள்ளி அவன் அம்மா தெய்வம்மா. சிவப்பு படரத் தொடங்கினால் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பான். டீ ஆடை கட்டிக் கிடக்கும்.

"ஏனுங்க, உங்க புள்ளிகளுக்கும் சேத்து உலை வெக்கட்டுங்களா?" என்பாள் கீர்த்தனா.

"சும்மா இரு. செல்லக்கண்ணுக்குக் காச்சல் வந்துருச்சு."

"அவரு அங்க வடை சுட்டுட்டிருக்காரு. போய்ச் சொல்லிப்போட்டு வாங்க, பாவம் படுத்துக்கட்டும்."

இந்த மழைக்கு ஊரில் நிஜமாகவே காய்ச்சல் கண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நடத்தலாமா என்று சுகாதார அலுவலர் பாலசுப்பிரமணியம் அவனைத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் ஊரில் ஓட்டிப் பார்த்தான். ஞாயிறன்று சிவப்பு அடங்கியது. "நடத்தலாங்க சார்" என்று சொல்லியும் விட்டான். மைக் வைத்து ஊருக்கே அறிவித்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா போன் செய்தாள். சிறுபிள்ளையில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். பேச்சில் இன்னும் அந்த வாடை உண்டு.

"மகன், நாளைக்கிச் சந்தைக்கு வாறேன். ஒனக்கு மீன் வாங்கியாறேன்."

"மழையா இருக்கும்மா, வேணாம்."

"என்னடா பேச்சு? எங்களுக்கு லீவே ஞாயித்துக்கெழமதானே? லயத்துல ஈ காக்கா இருக்காது. எல்லாரும் அந்த ஒரே பஸ்ஸுதான். சின்னதுல நீ எம் மடியில ஒக்காந்து வருவியே, அதேதான்."

நடந்துகொண்டிருந்தவன் நின்றான். அவன் நின்றதே அதிசயம் என்று கீர்த்தனா திரும்பிப் பார்த்தாள்.

கோயம்புத்தூர்க் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை புள்ளிகளெல்லாம் வீட்டில் தூங்கும். அதை அப்படியே மலைக்குத் தூக்கி வந்துவிட்டான். மலையிலோ அன்றைக்குத்தான் எஸ்டேட்டே டவுனுக்கு இறங்கும். லயத்தில் பிறந்தவனுக்கு அது எப்படியோ மறந்துபோயிற்று.

அலுவலரைப் பிடித்தான். "சார், நான் சொன்னது தப்புங்க. சந்தை வேண்டாம்."

"ஏனுங்க தம்பி, வெளையாடறீங்களா? கடைக்காரங்க சரக்கு எறக்கிட்டாங்க. வெறும் வாயில சொன்னா நிறுத்த முடியாதுங்க. புதுசா ஓட்டிக் காட்டுங்க, நிறுத்தறேன்."

மாரியம்மன் படத்தின் முன்னால் நின்று கும்பிட்டான். இந்தத் தடவை நேரம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமையை மாற்றி எழுதினான். லயங்களைத் திறந்துவிட்டான். பஸ்ஸின் ஜன்னல்களை மூடினான். கடைசி வீட்டுப் புள்ளியையும் அதில் ஏற்றினான். பிறகு திரையில் அந்தப் பஸ்ஸை இடது உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கையால் பொத்தானைத் தட்டினான்.